ஷூவுக்குள் எண்ணியவள்

மேடையில் நிபுணர் மூன்றாவது முறையாக மைக்கைத் தட்டினார். அது முதல் தட்டிலேயே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

'குழந்தைகளின் அறிதிறனும் பள்ளிக் கேலியும்' என்று பின்னால் ஒரு பேனர். அதில் தலைப்பைவிட நிபுணரின் பட்டங்கள் அதிக இடத்தை அடைத்திருந்தன.

நான்காம் வரிசையில் இருந்த சிறுமிக்கு வகுப்பில் 'பத்து' என்று பெயர். விரல் விட்டு எண்ணுவாள். பத்து விரலும் தீர்ந்ததும் விழிப்பாள். பட்டப்பெயர் வைப்பதில் மட்டும் அந்த வகுப்பே படுசுட்டி.

இந்த வருடம் அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பத்தைத் தாண்டினால், ஷூவுக்குள் கால்விரல்களை அழுத்தி அழுத்தி மீதியை எண்ணுவாள். முகம் நேராகக் கரும்பலகையைப் பார்க்கும். விடை சரியாக வரும். கொஞ்ச நாளாக யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வாயைப் பூட்டுவதுபோல் பாவனை செய்து, இல்லாத சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தார்.

நிபுணர் வருகிறார் என்றதும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவளும் அவள்தான். இன்றோடு கேலி ஒழிந்தது என்று நம்பினாள்.

"பேரு வேணாம்." நிபுணர் குரலைத் தழைத்தார். உருக வேண்டிய இடம் வந்தால் அப்படித்தான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தை. இதே ஸ்கூல்தான். மத்த பசங்க சிரிப்பாங்கன்னு, பாவம், ஷூவுக்குள்ள கால்விரலை வெச்சு எண்ணுது!"

பெற்றோர்கள் உச்சுக்கொட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைத்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் உச்சுக்கொட்டவில்லை. குனிந்தார்கள்.

நாற்காலிகளுக்கு அடியில், வரிசை வரிசையாக, ஷூ ஷூவாகத் தேடினார்கள்.

அவள் கால்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். அது போதுமாக இருந்தது.

"இருபது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பதவி உயர்வு. சிரிப்பு வரிசை தாண்டிப் பரவியது. நல்லவேளை, கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை, அவளைத் தவிர.

கூட்டம் கலைந்தது. நிபுணர் மேடையிலிருந்து இறங்கி, கைகுலுக்கல்களைத் தாண்டி, நேராக நான்காம் வரிசைக்கு வந்தார். தனக்குத் தந்த பூங்கொத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் கை மூடியே இருந்தது.

"கவனிச்சியா பாப்பா? அப்பா உன் பேரைச் சொல்லவே இல்ல."