பந்த் பண்ணியாச்சு

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார்," என்றார் பிரவீன்குமார். போர்ட் பிளேர் ஷோரூமிலிருந்து வந்திருந்த சர்வீஸ் இன்ஜினியர் அவர். "கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற கேமரா சுத்தமா இருக்கு. பம்பருக்குள்ள ரேடாரும் வேலை செய்யுது. குறுக்கே ஆள் வந்தா தானா பிரேக் பிடிக்கிற வசதி மட்டும் அன்னிக்கு ஆஃப்ல இருந்திருக்கு."

"ஆஃப்லயா?" காண்ட்ராக்டர் ஹரிஹரன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமா சார். ஆன்ல இருந்திருந்தா அந்தப் பொண்ணுக்கு இவ்வளவு அடி பட்டிருக்காது. இந்த வண்டியில ஒரு தடவை ஆஃப் பண்ணினா, நாமளாப் போடுற வரைக்கும் ஆஃப்தான்."

எல்லோரும் டிரைவர் அழகையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். போன வாரம் போர்ட் பிளேரிலிருந்து முதலாளியை மாயாபந்தருக்கு அழைத்து வரும்போது, ரங்கத் பஜாரில் டீக்கடை ரூபாவை இடித்துவிட்டவன் அவன்தான். கால் முறிந்து அவள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

ஹரிஹரனின் மனைவி சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் காட்டு ரோட்டில் அலைகிறவர் ஆயிற்றே என்று, அடம்பிடித்து இந்த வண்டியை வாங்க வைத்ததே அவள்தான்.

"அந்தப் பட்டனை யாரு அமுக்கினது அழகையா?"

அழகையா கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கேட்டால் ஒழியப் பேச மாட்டான். முதலாளியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபெரியில ஏத்துறப்ப பந்த் பண்ணியாச்சுங்கம்மா. பொறகு போடல."

அந்தமானில் விளக்கை அணைத்தாலும் பந்த், கடையை மூடினாலும் பந்த், வாயை மூடினாலும் பந்த்.

"பண்ணியாச்சாம்ல, பண்ணியாச்சு!" ஹரிஹரன் ஏளனமாகச் சிரித்தார். "பண்ணினேன்னு சொல்ல வாய் வருதா பாரு. என்னமோ வண்டியே பண்ணிக்கிட்ட மாதிரி பேசுறான்."

அழகையா தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பக்கத்து சீட்டுல அசந்து தூங்கிட்டு இருந்தேன் தம்பி," என்றார் அவர் இன்ஜினியரிடம். "அந்தப் பட்டன் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. போலீஸ்லயும் அதைத்தான் சொல்லப் போறேன். தப்பு, கல்தி எல்லாம் அவனோடது, கேஸும் அவன் பாடு."

கேஸ் என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அழகையாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. அது சந்திரமதிக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உனக்கும் ஒரு பொண்ணு இருக்கே அழகையா. அந்த ரூபாவோட கால் உன் கண்ணுல வந்து நிக்கலயா? சாவியை வச்சிட்டுப் போ. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரிங்கம்மா."

சாவியைச் சட்டையில் துடைத்து மேஜை மேல் வைத்தான். வாசல் வரை போனவன் நின்றான்.

"ரூபாக்காவப் பாக்கப் போனா, நான் விசாரிச்சதாச் சொல்லுங்கம்மா."

"நல்லா விசாரிச்ச, போ," என்றாள் சந்திரமதி.

ஞாயிற்றுக்கிழமை அவளே பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு ரூபாவைப் பார்க்கக் கிளம்பினாள். புது டிரைவர் இன்னும் அமையவில்லை. ஹரிஹரனே ஓட்டினார். வழி நெடுக அழகையாவைத் திட்டிக்கொண்டே வந்தார். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

பாராடாங் ஜெட்டியில் ஃபெரி வந்து நின்றது. வண்டிகள் ஏறும் இரும்புத் தட்டு தடாலென்று இறங்கியது.

"ஆகே, ஆகே!" என்று ஃபெரிக்காரன் கையை ஆட்டினான்.

ஹரிஹரன் அவன் கையையே பார்த்தபடி வண்டியை நகர்த்தினார். அவருடைய இடது கை மட்டும் தானாகக் கீழே இறங்கி, கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

"என்னங்க அது?"

"இந்த இரும்புத் தட்டைப் பாத்தா வண்டி மிரண்டுபோய் சடார்னு பிரேக் போட்டுரும். ஒரு தடவை ஜெட்டியே சிரிச்சுச்சு, மானம் போச்சு."

ஃபெரி அக்கரை சேர்ந்தது. வண்டி இறங்கி, காட்டு ரோட்டைச் சேர்ந்தே கடக்க வண்டிகள் காத்து நிற்கும் கான்வாய் வரிசைக்குப் போகத் தொடங்கியது. ஆரஞ்சு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"திரும்பப் போடலயா?"

"எதுக்கு? நான் ஒருநாளும் போட விடுறதில்ல. முன்னால ஒரு ஆடு வந்தாக்கூட கூவ ஆரம்பிச்சிரும். பக்கத்துல உக்காந்திருக்கிற மனுஷனை நிம்மதியாத் தூங்க விடாது."

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சந்திரமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. அழகையாவிடம் அவன் பெண்ணை இழுத்துப் பேசினோமே என்று நினைத்தபோது, மடியிலிருந்த ஆப்பிள்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அன்னிக்கு யாருங்க பந்த் பண்ணினது?"

ஹரிஹரன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதான் அவனே சொன்னானே," என்றார். "பண்ணியாச்சுன்னு."