எட்டு வினாடி

“அந்த மழை உன்னோடதுதானே?” என்று கேட்டார் அப்பா. தியேட்டருக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை.

“இல்லப்பா.” தம்பி மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையை இறுக்கிக்கொண்டான். மூன்று வருடம் இடைவிடாமல் வரைந்ததில் வந்த வலி அது.

“அப்போ அந்த ராக்கெட் வெடிக்கிறது?”

“அதுவும் இல்ல.”

“டேய், கடைசியில ஓடுச்சே பேர் வரிசை, அதுல உன் பேரையாவது நீ வரைஞ்சியா?” என்றாள் அக்கா. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

அது ஜப்பான்காரர்களின் அனிமேஷன் படம். அதில் ஒரு பகுதியை வரைந்து தரும் வேலை தம்பியின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் அவன் பங்கு எட்டு வினாடி. எந்த எட்டு என்று அவன் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதை மட்டுமே பார்ப்பார்கள் என்று நினைத்தான்.

இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஸ்டுடியோவில் கேட்டிருந்தார்கள். பெரியப்பாவின் அலுவலகத்திலும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

“பொம்மை போட்டுப் பிழைச்சவங்க நம்ம குடும்பத்துல கிடையாது. இருந்தாலும் படத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார் அப்பா. கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அம்மா இருந்தவரை அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. இரண்டு வருடமாக அதுவும் இல்லை.

“சரி, சொல்லிடுங்கப்பா. எப்படி இருந்துச்சு?” என்றான் தம்பி. நல்லதோ கெட்டதோ, கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அப்பா தேநீரை ஒரு மிடறு குடித்தார். “பாதி நல்லா இருக்கு, பாதி சரியில்ல. வானத்துல ஒரு ஊரே மிதக்குது, நம்பினேன். மிஷின் உட்கார்ந்து பழைய கதை பேசுது, அதையும் நம்பினேன். ஆனா நடுவுல முக்கால் மணி நேரம் ஆளாளுக்கு ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஏண்டா நிக்கிறேன்னு கேட்க நாதியில்ல.”

“அந்த முக்கால் மணி நேரம் அப்பா குறட்டை விட்டாருடா.”

“கண்ணை மூடி யோசிச்சேன்.”

“வேற என்ன சரியில்லப்பா?” என்றான் தம்பி.

“அந்தக் கிழட்டு இன்ஜினியர்.” அப்பாவின் குரல் உயர்ந்தது. “பொண்டாட்டி கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கிறா. இனி அவ பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சு இவனே சுவிட்சை அணைக்கிறான். சரி, வேற வழியில்ல. அதுக்கப்புறம் அந்த நீளமான வழியில நடக்கிறான் பாரு! ஒரு தள்ளாட்டம் இல்ல. செவுத்தைப் பிடிக்கல. திரும்பிக்கூடப் பார்க்கல. பரேடுக்குப் போறவன் மாதிரி போறான்.”

“எனக்கு அங்கதான்பா அழுகை வந்துச்சு” என்றாள் அக்கா.

“நீ சோப்பு விளம்பரத்துக்கே அழுவ.”

வேறொரு நாளாக இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். இன்று தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் தேநீரை எடுத்துக்கொண்டாள்.

“நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவ போயிட்டா. உயிருள்ள மனுஷன் எவனாவது அப்படி நடப்பானா? அவன் நெஞ்சுல என்ன இருக்கு, கல்லா?” அப்பா டம்ளரை மேசைமேல் வைத்தார். “படத்தை அங்கதான் கெடுத்துட்டாங்க.”

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உன்னைக் குறை சொல்லல. உன்னோட எட்டு வினாடி எதுவா இருந்தாலும் ஒழுங்காத்தான் இருக்கும். நம்ம வீட்டுப் பிள்ளை அரைகுறையா எதையும் செய்ய மாட்டான். ஆனா கூட இருக்கிறவங்க சரியில்லப்பா. அந்த நடையைப் போட்டவன் ஒரு சாவு வீட்டுப் பக்கம்கூடப் போயிருக்க மாட்டான். மனுஷனைப் பார்க்காமலே மனுஷனை வரையறவங்களோட உனக்கென்ன வேலை? திங்கக்கிழமை பெரியப்பா ஆபீசுக்குப் போ.”

தீர்ப்பு வந்துவிட்டது. “சரிப்பா” என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று வருடத்துக் களைப்பு அவனை அப்படித்தான் சொல்லச் சொன்னது.

அவன் கண்களைக் கசக்கிக்கொண்டான்.

“அந்த நடையைப் போட்டது நான்தான்பா.”

அப்பா தெருப் பக்கம் திரும்பினார். தியேட்டர் வாசலில் அடுத்த காட்சிக்கான வரிசை நகரத் தொடங்கியிருந்தது.

“நீயா?” என்றார் கடைசியில். கோபத்தைவிட அதில் அவமானமே அதிகமாக இருந்தது. “அப்படி ஒரு மனுஷனை எங்கடா பார்த்தே?”

“ஆஸ்பத்திரி வராந்தாவுல. அம்மா போன அன்னைக்கு, நான் உங்க பின்னாலதான்பா வந்தேன்.”