மிச்சத்தின் கூட்டாளி

நீ தின்றது ஏற்கெனவே செத்துப்போனதைத்தான், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் வல்லி. கண்ணாடித் தொட்டியின் கடல்நீரில், பாறை இடுக்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி, வெள்ளை முள்மயிர் சிலிர்க்க, மீன்கள் விட்டுவைத்த இரையை இழுத்துக்கொண்டிருந்தது அந்தப் புழு. வெளுத்துப்போன பவளத்தின்மேல் அது ஊர்வதை நேற்றுப் பார்த்த அவள் கணவன் நடேசன், பவளத்தைக் கொன்றதே அதுதான் என்று முடிவுகட்டிவிட்டான். மீனுக்கு இரையை அள்ளி அள்ளிப் போடுகிறவன் அவன். மிச்சம் அழுகாமல் தண்ணீர் தெளிந்திருப்பது யாரால் என்று யோசித்ததில்லை.

ஒருமுறை வெறுங்கையால் அதைத் தொட்டதில் அவள் விரலெல்லாம் முள் ஏறியது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்தாள். எரிந்தது, ஆனால் கோபம் வரவில்லை. தொடாதே என்று சொல்ல அதற்கு வேறு வழியில்லை.

"இறால் வச்சிருக்கேன். லைட்டை அணைச்சிட்டு இந்தப் பொறியை உள்ள இறக்கு, இருட்டுல புழு வந்து மாட்டிக்கும்," என்றான் நடேசன். "உங்க அண்ணன் வந்த மாதிரி பார்த்துக்கிட்டு நிக்காத."

"அண்ணன் இல்லீங்க. நீங்க வைக்கிற மிச்சத்தைச் சாப்பிடுறதுல எனக்குக் கூட்டாளி."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தபடியே பொறியைத் திறந்து, இறால் துண்டை எடுத்துப் பாறை இடுக்கருகே போட்டாள். காலிப் பொறியை அவன் கையில் கொடுத்தாள்.

"நான் வைக்க மாட்டேங்க."