பச்சைப் புள்ளி

கடல் தாண்டும் துடுப்புப் படகுப் பந்தயத்துக்கு அவள் கணவர் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. செல்போன் வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் சிவப்புப் புள்ளிதான் அவர். மூன்று நாளாக அதை ஒட்டியே ஒரு பச்சைப் புள்ளி.

“ஏழாம் நம்பர் படகு. தனியா வந்திருக்கிற பொண்ணாம், அண்ணி,” என்றாள் நாத்தனார், அக்கறையாக.

“நடுக்கடல்லயும் உங்கண்ணனுக்குத் துணை கேக்குதா?”

பந்தய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “அந்தப் பொண்ணை உடனே தள்ளிப் போகச் சொல்லுங்க!”

“மேடம், உங்க வீட்டுக்காரர் படகுல சுக்கான் உடைஞ்சுபோச்சு. அவங்கதான் பந்தயத்தையே விட்டுட்டு, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துட்டு வர்றாங்க. வீட்டுல சொல்லாதீங்கன்னு அவர்தான் கெஞ்சினார். நாளைக்குப் புயல் வேற. தள்ளிப் போகச் சொல்லிடவா?”

“ஐயய்யோ! அந்தத் தங்கச்சியைக் கயித்தை விட்டுடாம இழுத்துட்டு வரச் சொல்லுங்க!”