புகைக்கு எட்டாத குழாய்

“எறங்கு நைனா. நீயா எறங்குறியா, இல்ல ஏணிய இஸ்துக்கவா?”

பால்ராஜ் ஏணியின் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். மேலே, சுவரோரமாகத் தகரக் குழாயின் வாயைப் பொருத்திக்கொண்டிருந்த கிஷோர், ஸ்குரூவைப் பல்லில் கவ்வியபடி கீழே பார்த்தான். குழாய் மாட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவன். ஊர் தென்காசிப் பக்கம்.

குமணன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த தனியார் பஸ் பணிமனை அது. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் டீசல் பஸ்கள் குழிகளின் மேல் வந்து நிற்கும். மெக்கானிக் குழிக்குள் நின்று வேலை பார்ப்பார். என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது புகை முழுவதும் அவர் மேல்தான் இறங்கும்.

“சைலன்சர் எங்க கீது? என் முட்டி உசரத்துல. நீ குழாய எங்க மாட்டுற? கூரையாண்ட. பஸ்ஸு இன்னா பீடியா புடிக்குது, அண்ணாந்து ஊதறதுக்கு?”

“உடு அண்ணாத்தே,” என்றான் கிருபாகரன், பக்கத்துக் குழியிலிருந்து தலையை நீட்டி. “கூரை மேல கீற புறாவுக்கு மூச்சு முட்டுதாம். அதுக்குத்தான்.”

மற்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். பால்ராஜ் சிரிக்கவில்லை.

“அண்ணே, டிராயிங்ல இப்படித்தான் போட்டிருக்கு. இடத்தை மாத்துனா எனக்கு வேலை போயிரும்ணே.”

“உனக்கு வேல பூடும். தோ, அங்க குந்திகினு கீறாரே, அவுருக்கு உசுரே பூடும்.”

அவர் காட்டியது அப்பாவுவை. மழைக்காலத்தில் ஷட்டர்களை இறக்கிவிட்டு வேலை பார்த்த ஒரு நாள், குழிக்குள் மயங்கி விழுந்தவர். பால்ராஜ்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வேறு வேலை கேட்டவரிடம், குழியில் இறங்க முடியாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்றது ஆபீஸ். அப்பாவு மறுபடியும் இறங்கினார்.

அவர் விழுந்த அன்று மற்றவர்கள் ஒருவரும் ஸ்பானரைத் தொடவில்லை. புகைக்கு வழி செய்யுங்கள் என்று மேனேஜர் சரவணக்குமாரின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். “மேல பேசறேன்” என்றார் அவர்.

சில வாரங்களில் லாரி நிறையத் தகரக் குழாய்கள் வந்து இறங்கின. பால்ராஜ் அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்தார். லட்டுத் தட்டை நீட்டியபோது சரவணக்குமார் ஒன்றை எடுத்துக்கொண்டார். மென்றபடியே அறைக்குள் போய்விட்டார்.

குழாயோடு சேர்த்து, ஒவ்வொரு வாய்க்கும் நேர் கீழே ஒரு சிமென்ட் மேடையும் கட்டினார்கள். சாமான் பெட்டி வைக்க என்று மெக்கானிக்குகள் நினைத்துக்கொண்டார்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்பாவு அதில் ஒன்றில் போய் உட்காருவார். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டுச் சரவணக்குமார் வந்தார். “ஏணிய விடு, பால்ராஜ்.”

“உடமாட்டேன் சார். சைலன்சர் வரைக்கும் ஓஸ் பைப்பு எறங்கணும். அப்பாவு இன்னொரு தபா உழுந்தாருன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போமாட்டேன். நேரா உங்க ஏ.சி. ரூமாண்ட கொணாந்து படுக்க வெப்பேன்.”

“முதல்ல இது முடியட்டும். மத்தத அப்புறம் பேசலாம்.”

“அத்தயேதான் எப்பவும் சொல்லிகினு கீறீங்க.”

அப்பாவு இருமலுக்கு நடுவே கையை அசைத்தார். “உட்றா பால்ராஜு. மொதல்ல இதாச்சும் வரட்டும்.”

பால்ராஜ் ஏணியை விட்டார். போகிறபோக்கில் ஒரு காலி டின்னை எட்டி உதைத்தார். அது ஷட்டர் வரை உருண்டு போனது.

குழாய்கள் எல்லாம் பொருத்தி முடிந்ததும், அவற்றுக்குள் காற்றை மேலே இழுக்கும் விசிறியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்பாவு மேடையில் உட்கார்ந்து அண்ணாந்தார். “ஊட்டி மாதிரி கீதுடா” என்றார். அவருக்கு எதிரே என்ஜின் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் புகை, வழக்கம்போலத் தரையோடு ஊர்ந்து குழிக்குள் இறங்கியது.

அடுத்த வாரம் ஒரு டிரெய்லர் வந்தது. பிளாஸ்டிக் உறை சுற்றிய, ஆளுயர வெள்ளைப் பெட்டிகள். இறக்க வந்தவர்களில் ஒருவர் அப்பாவுவின் தோளைத் தட்டினார்.

“பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க.”

அவர் எழுந்த மேடையில் பெட்டி அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அதன் உச்சிக்கு நேர் மேலே குழாயின் வாய்.

“இது இன்னா நைனா?” என்று பால்ராஜ் கிஷோரிடம் கேட்டார்.

கிஷோர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “சார்ஜர்ணே. கரண்ட் பஸ் வருதாம். சூடானா இது நின்னுரும். அதுக்குத்தான் குழாய்.”

பால்ராஜ் சரவணக்குமார் பக்கம் திரும்பினார். “அப்ப டீசல் வண்டிங்க?”

“திருமழிசைல ஒரு ஷெட் எடுத்திருக்கோம். திங்கக்கிழமையிலருந்து டீசல் வண்டியெல்லாம் அங்கதான். நீங்களும் அங்கதான்.”

“அங்க குழா கீதா சார்?”

கேள்வி புரியாதவர்போலச் சரவணக்குமார் நெற்றியைச் சுருக்கினார்.

“அங்க எதுக்குப்பா? சூடு தாங்காத மெஷின் எதுவும் அங்க இல்லையே.”