எர்த் வயர் வாய் திறந்தது

மலைத் தோட்டத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது. கியர் பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் கியர் விழவில்லை. ஷெட்டுக்கு இழுத்து வந்ததும், வண்டியின் பாகங்கள் எல்லாம் கியர் மாற்றும் மோட்டார்மேல் பாய்ந்தன.

"என்னை அழுத்தின உடனே நான் சேதி அனுப்பிடறேன். அவன்தான் அசைய மாட்டேங்கறான்," என்றது பட்டன்.

"கரண்டுக்கு நான் குறை வைக்கல," என்றது பேட்டரி.

எர்த் வயர் மட்டும் பேசவில்லை. தன் முனையைப் பிடித்திருந்த போல்ட் தளர்ந்து துருவேறிப் போனதால்தான் மோட்டாரில் கரண்டு ஓடவில்லை என்று அதற்குத் தெரியும். சொன்னால் வெட்டி எறிந்துவிடுவார்களோ என்று பயம்.

மெக்கானிக் அமலி புது மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். பழைய மோட்டார் எர்த் வயரைப் பார்த்தது.

"வரேன்டா தம்பி. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவன் நீ ஒருத்தன்தான்."

வயருக்குச் சுருக்கென்றது. கழற்றும் முன் அமலி கடைசியாக ஒருமுறை பட்டனை அழுத்தினாள்.

"அண்ணன்மேல தப்பில்ல, நான்தான்!" என்று கத்திய வயர், தளர்ந்த முனையிலிருந்து ஒரு பொறியைத் தெறிக்கவிட்டது.

"அட, நீயா?" என்று அமலி குனிந்தாள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாள். கியர் டக்கென்று விழுந்தது. புது மோட்டார் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

வண்டி மறுபடி ஏற்றம் ஏறும்போது பட்டன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது: "மோட்டார் தங்கமான ஆளு. நான் அப்பவே சொன்னேன்ல?"