பீரோவின் பிடிவாதம்

"எங்க பீரோ மாதிரி சொன்ன பேச்சு கேக்குற ஜீவன் இந்த பூமியில இன்னும் பொறக்கல. குட்டியிலேருந்து ஒரு சொல்லைத் தட்டினதில்ல," என்றார் குதிரைக்காரர்.

அதை அவர் சொன்ன இடம்தான் விசேஷம். அவரும், அவருடைய தங்கை கணவரான சவாரிப் பள்ளி முதலாளியும், கால்நடை டாக்டரம்மாவும் பீரோவின் வயிற்றுக்கும் லாயத்துச் சுவருக்கும் நடுவே ஒன்றே முக்கால் மணி நேரமாகச் சிக்கிக்கிடந்தார்கள். இருந்த ஒரே வாசலைப் பீரோ குறுக்கே நின்று அடைத்திருந்தது.

பீரோ என்பது பட்டப்பெயர். இனம், குட்டைமலைக் குதிரை. உயரத்தில் கழுதைக்குத் தம்பி, அகலத்தில் யானைக்கு அண்ணன், பிடிவாதத்தில் மட்டும் உறவுக்காரர் யாருமே கிடையாது. எங்கோ ஒரு குட்டைமலைக் குதிரை நடுரோட்டில் நின்றுவிட, மூன்று நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு ரோட்டையே வளைத்துப் போட்டார்களாம்.

டாக்டரம்மாவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. 'பிடிவாதக் குணம், குழந்தைகள் சவாரிக்கு லாயக்கில்லை' என்று அதில் அவர் கையெழுத்துப் போட்டால், பீரோ அன்றைக்கே கல் குவாரிக்கு வண்டி இழுக்கப் போய்விடும். ஏற்றிப்போக வந்த லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் உள்ளேயிருந்து போட்ட கூச்சலை, 'இதோ வந்துட்டோம்' என்று டிரைவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஆறு மாதமாகப் பீரோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓரடிகூட நடக்கவில்லை என்பது முதலாளியின் புகார். அந்த ஆறு மாதமும் குதிரைக்காரர் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். அன்று காலையில்தான் வேலைக்குத் திரும்பினார். வந்தவுடன் காதில் விழுந்த முதல் சேதி கல் குவாரி.

உள்ளே வந்தபோது எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. பீரோ தானாகவே திரும்பி வந்து டாக்டரம்மாவின் பையை மோந்து பார்த்தது. ஆறு மாதத்துக்கு முன் இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்துபோனதிலிருந்து, குதிரையை நெருங்குகிற பெரியவர்களுக்கும் ஹெல்மெட் என்பது முதலாளி போட்ட சட்டம். ஆணியில் தொங்கியதை எடுத்து ஆளுக்கொன்று மாட்டிவிட்டு, தாமும் ஒன்றை மாட்டிக்கொண்டார். பல்லைப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா நிமிர்ந்தால், பீரோ வாசலை மறித்துக் கருங்கல்லாக நின்றது.

தள்ளினார்கள். இழுத்தார்கள். கேரட்டைக் காட்டினார்கள். முதலாளி அதன் வயிற்றுக்கடியில் தவழ்ந்து போகப் பார்த்தார். தொப்பை பாதி வழியில் மாட்டிக்கொள்ள, காலைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டியதாயிற்று. அத்தனைக்கும் பீரோ ஒரு குளம்பைக்கூடத் தூக்கவில்லை.

புழுக்கத்தில் டாக்டரம்மாவின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கை ஹெல்மெட்டுக்குப் போனது.

"கழட்டாதீங்க டாக்டரம்மா. சட்டம்னா சட்டம்," என்றார் முதலாளி.

குதிரைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மூன்று ஹெல்மெட்டையும் பார்த்தார். பீரோவின் காதைப் பார்த்தார். கால் முறிந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"என்ன மச்சான் சிரிப்பு? சொல்லைத் தட்டாத உங்க செல்லப்பிள்ளைகிட்ட நகரச் சொல்லுங்களேன்."

"அது இப்பவும் சொன்னதைத்தான் மாப்பிள்ளை கேட்டுக்கிட்டு நிக்குது."

"இப்படி நிக்கச் சொல்லி எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான்?"

அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூன்று பேரும் ஹெல்மெட்டைக் கழற்றுவோம் என்றார் குதிரைக்காரர். டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் கழற்றினார். பீரோவின் காது அசைந்தது. குதிரைக்காரர் கழற்றினார். வால் அசைந்தது.

முதலாளி மட்டும் மாட்டேன் என்றார். தாம் போட்ட சட்டத்தைத் தாமே மீறுவதா என்று கால் மணி நேரம் வாதாடினார். ஹாரன் நாலு தடவை அடித்து ஓய்ந்தது. டாக்டரம்மா காகிதத்தைச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"பிடிவாதக் குணம்னு இதுல யார் பேருக்கு எழுதட்டும்?"

முதலாளி கழற்றினார்.

பீரோ ஒரு நீண்ட மூச்சு விட்டது. அந்த மூச்சில் மூலையிலிருந்த வைக்கோல் பறந்து எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டது. பிறகு கல்யாண வீட்டு வாசலில் வழிவிடுகிறவரைப் போல, மரியாதையாக நாலடி ஒதுங்கி நின்றது.

டாக்டரம்மா விட்டால் போதும் என்று வாசலுக்குப் பாய்ந்தார். குதிரைக்காரர் பீரோவின் கழுத்தைத் தட்டிக்கொண்டே விளக்கினார். "இங்க பிள்ளைங்க ஹெல்மெட் போடுறது, ஏறுறது, இறங்குறது, கழட்டுறது எல்லாம் குதிரை ஏறுறதுக்குன்னு கட்டின மேடை மேலதான். ஹெல்மெட்டோட ஒரு ஆள் தரையில இருந்தா, அது விழுந்த பிள்ளை. அதைக் கழட்டுற வரைக்கும் குளம்பைத் தூக்கக்கூடாதுன்னு இதுக்குப் பழக்கம்."

"அப்போ ஆறு மாசமா, இதைப் பிடிச்சு நடத்துறவங்களும் ஹெல்மெட் போட்டுக்கிட்டதால..." என்று இழுத்தார் முதலாளி.

"ஆமா. தெனமும் யாரோ விழுந்துட்டாங்கன்னு பாவம் அசையாம நின்னிருக்கு."

டாக்டரம்மா காகிதத்தை நாலாகக் கிழித்தார். இத்தனை நேர்த்தியாக யார் பழக்கியது என்று கேட்டார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு இது காலடியில விழுந்துட்டா. மயிரிழையில தப்பிச்சா. அவளோட அப்பா அப்புறம் மூணு மாசம், தெனமும் இந்த மண்ணுல ஹெல்மெட்டோட விழுந்து விழுந்து இதைப் பழக்கினார். அப்புறம் ஒரு பிள்ளையும் விழல, அவருக்கே மறந்துபோச்சு."

"யார் அந்த அப்பா?"

குதிரைக்காரர் கூரையைப் பார்த்தார். முதலாளி ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். வெளியே போய் லாரியை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். பீரோவின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான் சொன்னது நெஜம்தான் டாக்டரம்மா. இது ஒரு சொல்லைத் தட்டினதில்ல. அந்த மடையன் நான்தான்."